யார் இந்தக் கெஸ்ட்?

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற என் நண்பரின் மகனைப் பார்க்கப் போயிருந்தேன். பையன் குடியிருப்பது ஒரு பேயிங் கெஸ்ட் விடுதி. ‘பி.ஜி.’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நாலு மாடிக் கட்டடம். வாசலில் இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு காவல்காரர். அவர் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் வரிசையாக எழுதியிருந்த விதிகளில் ஒன்றைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்: ‘கெஸ்டுகள் தங்கள் கெஸ்டுகளை உள்ளே அழைத்து வரக் கூடாது.’

விருந்தாளிக்கு விருந்தாளி கூடாதாம்! காவல்காரர் என்னைச் சிரிக்க விடவில்லை. “யாரைப் பார்க்கணும்?” என்றார். பெயரைச் சொன்னேன். “நில்லுங்க, கீழே வருவாரு” என்றார். நின்றேன். உட்கார நாற்காலி இல்லை. பையன் இறங்கி வந்தான். முகத்தில் சங்கடம். “மன்னிச்சுக்குங்க மாமா, மேலே கூட்டிட்டுப் போக முடியாது. வாங்க, டீ குடிக்கலாம்” என்றான். தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். டீக்கு நான் காசு எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனே கொடுத்தான்.

ஊர் திரும்பும்போது ரயிலில் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பலகை கண்ணிலேயே நின்றது. அந்தப் பையன் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்டுகிறான். ஒரு நாள் தாமதித்தால் அபராதம். இரவு பத்தரைக்கு மேல் வந்தால் கதவு திறக்காது. இதெல்லாம் சேர்ந்தவனுக்கு அந்த வீட்டில் பெயர், கெஸ்ட்! யார் இந்தக் கெஸ்ட்? இந்தச் சொல்லை இவ்வளவு தாராளமாகத் தூக்கி எல்லோர் தலையிலும் சூட்டுகிறார்களே, சூட்டுகிறவர்களுக்கு இதனால் என்ன லாபம்? இதுதான் என் கேள்வி.

“ஒரு சொல்லுக்காக ஒரு கட்டுரையா? வேறு பிரச்னை கிடைக்கவில்லையா?” என்று கேட்கிற அன்பர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். நான் சொல்லை விற்றுப் பிழைக்கிறவன். கள்ள நோட்டுப் புழங்கினால் கடைக்காரன் கவலைப்படுவான். கள்ளச் சொல் புழங்கினால் நான் கவலைப்படுவேன். அதுவும், கள்ள நோட்டினால் போவது பணம்தான். கள்ளச் சொல்லினால் ஒரு மனிதனுடைய கூலி போகும், குடியுரிமை போகும், பல சமயம் வாழ்நாளே போகும். போயிருக்கிறது. கடைசியில் அதைக் காட்டுகிறேன்.

முதலில் சொல்லின் குலம் கோத்திரத்தைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் வந்தவன் கெஸ்ட், வரவேற்பவன் ஹோஸ்ட். இரண்டும் எதிரெதிரே நிற்கிற சொற்கள் போலத் தோன்றினாலும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகள். அந்த வேரிலிருந்து லத்தீனில் இரண்டு சொற்கள் முளைத்தன. ‘ஹோஸ்டிஸ்’ என்பது ஒன்று. ஆதியில் அதற்கு அந்நியன் என்று பொருள். பிற்பாடு அதுவே பகைவன் என்றாயிற்று. ‘ஹோஸ்பெஸ்’ என்பது மற்றொன்று. அது விருந்தாளியையும் குறிக்கும், விருந்தளிப்பவனையும் குறிக்கும். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் என்று நாம் அன்றாடம் சொல்கிற மூன்றும் அந்த ஹோஸ்பெஸ் வீட்டுப் பிள்ளைகள். பகைமையைக் குறிக்கும் ‘ஹோஸ்டைல்’ பக்கத்து வீட்டு ஹோஸ்டிஸின் பிள்ளை. வாசலில் வந்து நிற்கிறவன் நண்பனா எதிரியா என்று தெரியாமல் ஒரு கணம் மனிதன் திகைத்து நின்றான் அல்லவா? அந்தத் திகைப்பு முழுவதும் இந்தச் சொற்களுக்குள் உறைந்து கிடக்கிறது.

நம் மொழியில் விருந்து என்றால் புதுமை. செய்யுளின் வனப்புகள் எட்டு என்று எண்ணுகிற தொல்காப்பியம் அவற்றில் ஒன்றுக்கு விருந்து என்று பெயர் வைத்தது, புதிதாகப் புனைவது என்ற பொருளில்தான். புதிதாக வந்த மனிதன் விருந்து. அவனுக்கு இடுகிற சோற்றுக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார்.

உடனே சிலர் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார்கள். “பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் பகைவன் என்றான், தமிழன் புதுமை என்றான்!” என்று மேடையில் முழங்க இது நல்ல சரக்கு. தயவு செய்து முழங்காதீர்கள். விருந்தோம்பலைப் பற்றிப் பாட்டுப் பாடிய இதே ஊர்களில், வழிப்போக்கனுக்கென்று கட்டிய திண்ணையில் எல்லா வழிப்போக்கர்களும் உட்கார முடிந்ததா? எந்தத் தெருவில் யார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார் என்பது நமக்குத் தெரியாதா? ஆகவே வேர்ச்சொல்லை வைத்துப் பெருமை பேசுவது வேண்டாம். சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, இன்று அது யாரிடம் வேலை பார்க்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்தக் கெஸ்ட் பார்க்கிற வேலைகள் கொஞ்சமா? மேடையில் சீஃப் கெஸ்ட். இந்தப் பதவியில் நானே பலமுறை இருந்திருக்கிறேன். வருவார், பொன்னாடை போர்த்துவார்கள், பேசுவார், சீட்டு வரும், பேச்சை முடிப்பார். வீட்டில் கெஸ்ட் ரூம். பெரும்பாலும் பழைய பெட்டியும் உடைந்த மின்விசிறியும் நிரந்தரமாகத் தங்கும் அறை. சர்க்கார் கெஸ்ட் ஹவுஸ். சினிமாவில் கெஸ்ட் வேடம். ‘பி மை கெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், ‘தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று பொருள்; சொல்கிற குரலைப் பொறுத்து, ‘எக்கேடும் கெட்டுப் போ’ என்றும் பொருள். உலகமெங்கும் ஹோட்டல் கட்டிய கான்ராட் ஹில்டன் 1957இல் வெளியிட்ட தம் சுயசரிதைக்கு இதையே தலைப்பாக வைத்தார்.

ஹோட்டல்காரர் தம் வாடிக்கையாளரைக் கெஸ்ட் என்பதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். அறைக்கு இவ்வளவு, இட்லிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் இருக்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது வியாபாரம் என்று தெரியும். கெஸ்ட் என்பது அங்கே ஒரு மரியாதைப் பூச்சு. கல்யாணப் பந்தலில் தெளிக்கிற பன்னீர் மாதிரி. பன்னீரைக் குடித்துப் பசியாறச் சொன்னால்தான் தகராறு.

தகராறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க நம் பாட்டிமார்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்றார்கள். இது நம் ஊர்க் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், மீனும் விருந்தாளியும் மூன்று நாளில் நாறிப் போவதாக எழுதினார். அரபு நாட்டு மரபிலும் விருந்தோம்பலின் கெடு மூன்று நாள். அதற்கு மேல் கொடுப்பது தர்மம். கடல் கடந்து, மதம் கடந்து, மொழி கடந்து மனிதர்கள் இப்படி ஒன்றுபோல் எண்ணியிருக்கிறார்கள் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் வேண்டும்.

அந்த நியாயத்தை நான் மூன்று விதிகளாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று, விருந்தாளி கொஞ்ச நாள் இருப்பவன். இரண்டு, விருந்தாளி வேலை செய்வதில்லை. அவன் துடைப்பத்தை எடுத்தால் வீட்டுக்காரி பதறிப்போய்ப் பிடுங்கிக்கொள்வாள். மூன்று, விருந்தாளி காசு கொடுப்பதில்லை. இந்த மூன்றும் பொருந்தினால் அவன் கெஸ்ட். பொருந்தாவிட்டால் அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. அந்த வேறு பெயரைச் சொல்லாமல் யாராவது கெஸ்ட் என்று கொஞ்சினால், அவர் எதையோ மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

பி.ஜி. விடுதிக்காரர் என்ன மிச்சம் பிடிக்கிறார்? வாடகைக்குக் குடியிருப்பவன் என்று ஒப்புக்கொண்டால், வாடகைச் சட்டம், முன்னறிவிப்பு, ரசீது என்று பல சங்கடங்கள் உண்டு. குடியிருப்பவனுக்கு இடத்தின் மீது ஓர் உரிமை வந்துவிடுகிறது. கெஸ்டுக்கு அது இல்லை. அவன் வீட்டுக்காரர் அனுமதியில் இருப்பவன். அனுமதி போனால் பெட்டியும் வெளியே போகும். ஆக, வாடகை வாங்கும்போது அவன் பேயிங்; உரிமை கேட்கும்போது அவன் கெஸ்ட். இரண்டு வார்த்தையில் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்!

இது சின்னத் திருட்டு. பெரிய திருட்டைத் தேச சர்க்கார்கள் செய்திருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின; ஆள் போதவில்லை. 1955இல் இத்தாலியோடு ஓர் ஒப்பந்தம், 1961 அக்டோபர் 30இல் துருக்கியோடு ஓர் ஒப்பந்தம், இன்னும் பல நாடுகளோடு. வந்த தொழிலாளர்களை என்னவென்று அழைப்பது? ‘அந்நியத் தொழிலாளி’ என்று ஒரு ஜெர்மன் சொல் இருந்தது. ஆனால் ஹிட்லர் காலத்தில் பிற நாட்டாரைப் பிடித்து வந்து கட்டாய வேலை வாங்கியபோது புழங்கிய சொல் அது. அந்த நாற்றம் போக வேண்டும். ஆகவே ‘காஸ்ட் ஆர்பைட்டர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. விருந்தினர் தொழிலாளி!

கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த இனிமைக்குள் இருந்த நிபந்தனை என்ன? வா, உழை, போ. துருக்கி ஒப்பந்தத்தில் முதலில் இரண்டே வருஷத் தங்கல் என்று எழுதியிருந்தார்கள். பழகின ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பழக்குவது நஷ்டம் என்று முதலாளிகளுக்குத் தெரிந்த பிறகு, 1964இல் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. வரம்பு போயிற்று, ‘விருந்தினர்’ மட்டும் போகவில்லை. 1973இல் ஆள் எடுப்பதை நிறுத்தும் வரை சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் வந்தார்கள், ஒரு கோடியே பத்து லட்சம் பேர் திரும்பினார்கள் என்று கணக்கு. தங்கியவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த மண்ணில் பிறந்து, அந்த மொழி பேசி, அந்தப் பள்ளியில் படித்த பிள்ளையும் விருந்தாளி! அந்நியர்க்கு அங்கே பிறக்கும் குழந்தை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிறப்பினாலேயே குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 2000 ஜனவரி 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. மூன்று நாள் விருந்து நாற்பது வருஷம் நடந்திருக்கிறது.

அந்தக் கதையில் ஒரு காட்சி உண்டு. 1964 செப்டம்பர் 10. கொலோன் நகரத்து டாய்ட்ஸ் ரயில் நிலையம். போர்ச்சுகலிலிருந்து வந்த ரயிலிலிருந்து அர்மாந்தோ ரோட்ரிகஸ் தெ சா என்ற தச்சர் இறங்குகிறார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். மனிதர் நடுங்கிப்போகிறார், திருப்பி அனுப்பத்தான் கூப்பிடுகிறார்களோ என்று. இல்லை, அவர் பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளியாம்! பூச்செண்டு கொடுத்தார்கள். பாண்டு வாத்தியம் முழங்கிற்று. ஒரு மோட்டார் சைக்கிள் பரிசு. புகைப்படம் உலகமெல்லாம் போயிற்று.

பிறகு? சில ஆண்டுகள் உழைத்தார். நோய் கண்டது. சொந்த ஊருக்குத் திரும்பினார். சேர்த்த பணமெல்லாம் வைத்தியத்தில் கரைந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு ஜெர்மன் சட்டப்படி உதவித்தொகை உண்டு என்பது அவருக்குத் தெரியவே இல்லை என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1979இல் இறந்தார். அந்த மோட்டார் சைக்கிள் இப்போது பான் நகரத்து அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது.

இந்த ஒரு மனிதரின் கதையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அடங்கிவிட்டது. விருந்தாளிக்குக் கிடைப்பது பரிசு. தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டியது உரிமை. பரிசைக் கொடுக்க பாண்டு வாத்தியத்தோடு வந்தார்கள். உரிமை இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

அமெரிக்கா மட்டும் என்ன வாழ்ந்தது? 1942 முதல் 1964 வரை ‘பிராஸேரோ’ திட்டம் என்று மெக்ஸிகோ விவசாயிகளை ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நாற்பத்தைந்து லட்சத்துக்கும் அதிகமான ஒப்பந்தங்கள். தொடக்க ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்து பிடித்துச் சேமிப்பாக மெக்ஸிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்பியவர்களில் பலர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

அது பழைய கதை என்பீர்கள். 2005இல் காத்ரீனா புயல் அடித்த பிறகு, மிசிசிப்பியிலும் டெக்ஸாஸிலும் இருந்த ஒரு கம்பெனியின் கப்பல் பட்டறைகளுக்கு இந்தியாவிலிருந்து சுமார் ஐந்நூறு வெல்டர்களும் குழாய் பொருத்துநர்களும் கெஸ்ட் ஒர்க்கர் விசாவில் போனார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து ஏஜெண்டுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அங்கே ஒரு கொட்டகையில் இருபத்துநாலு பேர் வரை அடைத்தார்கள். அந்தக் கொட்டகை வாசத்துக்கு மாதம் ஆயிரத்து ஐம்பது டாலர் சம்பளத்தில் பிடித்தம்! 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் கோர்ட்டில் ஜூரிகள் அவர்களில் ஐந்து பேருக்குச் சுமார் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். நியாயம் கிடைத்தது. ஆனால் கவனியுங்கள்: விருந்தாளியாக அமெரிக்கா போனவர்களுக்கு, வாதியாகக் கோர்ட்டுப் படியேறிய பிறகுதான் கிடைத்தது. எந்த விருந்தாளியாவது விருந்து வைத்தவன் மேல் வழக்குப் போடுவானா?

இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். கேரளத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து உழைக்கிறவர்களை ‘அதிதித் தொழிலாளிகள்’ என்று சர்க்காரே அழைக்கிறது. இங்கே நான் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை முன்வைத்தவர்களின் எண்ணம் நல்ல எண்ணம். ‘வெளியூர்க்காரன்’, ‘வடக்கன்’ என்று ஏளனமாகச் சொல்லும் வாயை அடைக்க ஒரு மரியாதையான சொல் வேண்டும் என்று நினைத்தார்கள். சொல்லோடு நிற்கவும் இல்லை. அவர்களுக்காகவே ‘ஆவாஸ்’ என்று ஒரு காப்பீட்டுத் திட்டத்தை 2017இல் கொண்டுவந்தார்கள். ஏளனத்தைவிட உபசாரம் உயர்ந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் அந்தச் சொல் வேண்டாம் என்பேன். ஏன்? விருந்தாளிக்கு ஒரு தர்மம் உண்டு. அவன் கேட்கக் கூடாது. போட்டதைச் சாப்பிட வேண்டும். உப்புக் குறைந்தாலும் “பிரமாதம்” என்று சொல்ல வேண்டும். “இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்பதே துணிச்சல், “நேற்றைய பாக்கிக் கூலி எங்கே?” என்று அவன் எப்படிக் கேட்பான்? கேட்டால் என்ன சொல்வோம்? “வந்த இடத்தில் இவ்வளவு திமிரா? உபசரித்தோமே, நன்றி இருக்கிறதா?” என்போம். அன்பாகச் சொன்ன அதே சொல் ஒரே நிமிஷத்தில் வாயைப் பொத்துகிற கையாக மாறிவிடும்.

இன்னொன்று. என் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்றால், வீடு என்னுடையது என்றாகிறது. பீகாரிலிருந்தோ ஒடிஸாவிலிருந்தோ திருப்பூருக்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் வருகிறவன் யார் வீட்டுக்கு வருகிறான்? நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும், அங்கே குடியிருக்கவும் இந்த நாட்டுக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அவன் தன் வீட்டின் இன்னோர் அறைக்குப் போகிறான், அவ்வளவுதான். அங்கே நாம் வாசலில் நின்று “வாங்க, வாங்க” என்று கும்பிட்டால், அது உபசாரமா, அல்லது ‘இது உன் வீடு இல்லை’ என்று நாசூக்காகச் சொல்வதா? 1979இல் பாராளுமன்றம் இவர்களுக்காகச் சட்டம் செய்தபோது மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் என்றே எழுதியது. பிரயாணப்படி, தங்குமிடம், இலவச வைத்தியம் என்று வரிசையாக எழுதியது. அந்தச் சட்டம் பிற்பாடு 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. அது ஒழுங்காக அமலானதா என்பது வேறு சண்டை. ஆனால் சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்திருந்தது, இவன் விருந்தாளி இல்லை, கேட்கிற உரிமையுள்ள தொழிலாளி என்று.

படித்தவர்கள் மட்டும் தப்பினார்களா? கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரர் என்று ஒரு ஜாதியை உண்டாக்கி வைத்திருக்கிறோம். தமிழில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று அதற்கு இன்னும் ஜரிகை வேறு. ஒரு பேராசிரியர் நீண்ட விடுப்பில் போனால், அல்லது வெளியூர் அறிஞர் ஒருவர் நாலு சொற்பொழிவு ஆற்ற வந்தால், அவர் கெஸ்ட், நியாயம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே கல்லூரியில் பதினைந்து ஆண்டுகளாகக் கெஸ்ட். டாக்டர் பட்டம் பெற்றவர். வினாத்தாள் எடுக்கிறார், விடைத்தாள் திருத்துகிறார், மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறார். அவரிடம் படித்த பையன் ஒருவன் அதே துறையில் நிரந்தர ஆசிரியராக வந்து இவருக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுக்கிறான். மே மாதம் வந்தால் இவருக்குச் சம்பளம் இல்லை. விருந்தாளிக்குக் கோடை விடுமுறையில் பசிக்காது என்று எண்ணம் போலும்! பல்கலைக்கழக மானியக் குழு 2019இல், ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று ஒரு நெறிமுறை வகுத்தது. அதில் பாதியைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டேன்: “இத்தனை வருஷம் எப்படிப் பொறுத்தீர்கள்?” அவர் சிரித்தார். “பொறுக்காமல் என்ன செய்வது, ஸார்? கெஸ்ட் என்று கூப்பிட்டுவிட்டார்கள். விருந்துக்கு வந்தவன் பாய் போட்டுப் படுத்தால் மரியாதையா என்கிறார்கள். பாயும் நான் கொண்டு வந்தது, அரிசியும் நான் கொண்டு வந்தது, சமைத்துப் போட்டதும் நான்.” இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது?

ஆனால் வாழ்நாளே போன கதையைக் காட்டுகிறேன் என்று முதலில் சொன்னேன். அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. இலங்கையின் மலைநாட்டில் காட்டை அழித்துக் காப்பியும் பிறகு தேயிலையும் வளர்த்தவர்கள் நம் ஊர்களிலிருந்து போன கூலிகள். தேயிலைத் தோட்டம் அங்கே 1867இல் தொடங்கியது. மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மண்ணிலேயே புதைந்தார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக ஆக்கிற்று. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. நூறு வருஷம் ஒரு வீட்டைக் கட்டியவனிடம், “நீ வந்தவன்தானே, எப்போது கிளம்புகிறாய்?” என்று கேட்டார்கள்.

1964 அக்டோபர் 30. அதே அக்டோபர் 30! சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களைத்தான் சொல்கிறேன், தேங்காயை அல்ல. 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனை! கப்பலேறி வந்தவர்களை இங்கே நாமாவது சொந்தக்காரர்களாக வரவேற்றோமா? ‘சிலோன்காரர்கள்’ என்று பெயர் வைத்தோம். அங்கே விருந்தாளி, இங்கேயும் விருந்தாளி. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தருகிற சட்டம் இலங்கையில் 2003இல் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம்! அதற்குள் எத்தனை பேர் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமலே கண்ணை மூடியிருப்பார்கள்?

அங்கே கெஸ்ட் என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதவில்லையே என்று யாராவது குறுக்குக் கேள்வி கேட்கலாம். எழுதவில்லைதான். எண்ணம் அதுதான். வேலை செய்கிறவரைக்கும் இரு, இந்த வீடு உன்னுடையது என்று மட்டும் நினைக்காதே என்கிற எண்ணம். அந்த எண்ணத்துக்குச் சில நாடுகள் பூச்சூட்டிக் கெஸ்ட் என்கின்றன. சில நாடுகள் பூச்சூட்டாமலே அனுப்பிவிடுகின்றன.

சரி, என்னதான் சொல்கிறாய் என்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிற பெயரைச் சொல்லுங்கள் என்கிறேன். கூலிக்கு உழைக்கிறவனைத் தொழிலாளி என்று சொல்லுங்கள். வகுப்பெடுக்கிறவரை ஆசிரியர் என்று சொல்லுங்கள். வாடகை கொடுக்கிறவனைக் குடியிருப்பவன் என்று சொல்லுங்கள். இந்த நாட்டில் பிறந்தவனைக் குடிமகன் என்று சொல்லுங்கள். இந்தப் பெயர்கள் இனிமையாக இரா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு வரும், ஒரு பாத்தியதை வரும், சில சமயம் ஒரு சங்கம்கூட வரும். வரட்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பிறகு அன்பாக எத்தனை முறை வேண்டுமானாலும் சாப்பிடக் கூப்பிடுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்?

ஏனென்றால் விருந்து என்பது நிஜமாகவே ஒரு நல்ல விஷயம். அதைப் பெங்களூரில் அந்த டீக்கடை பெஞ்சில் பார்த்தேன். நான் அங்கே இருந்தது ஒரு மணி நேரம். அந்தப் பையன் என்னிடம் ஒரு வேலையும் வாங்கவில்லை. என் காசை எடுக்க விடவில்லை. மூன்று விதியும் பொருந்திற்று. தனக்கென்று ஒரு நாற்காலியைக்கூட அந்த நாலு மாடிக் கட்டடத்தில் யாருக்கும் காட்ட முடியாத பிள்ளை, தெருவில் வைத்து எனக்கு விருந்து படைத்தான். மாதா மாதம் பணம் வாங்கிக்கொண்டு அவனைக் கெஸ்ட் என்கிற மனிதர் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, அங்கே அவன் பெயருக்கு ஒரு வாடகை ரசீது எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த முறை நான் போகும்போது அவன் என்னை மேலே அழைத்துப் போவான்.